பழுப்பு அட்டைகள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: ஐயா, ஜன்னல் ஓரத்துப் பிரம்பு நாற்காலியில். கர்னல், அவருக்கு எதிரே, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு. கர்னலின் நாய், மேசைக்கு அடியில். நான், கையில் ஊசியும் பச்சை நூலுமாக. மேசை மேல் இரண்டு அட்டைகள். ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு. அவற்றையும் இரண்டு ஆளாகச் சேர்த்துக்கொண்டால் தப்பில்லை.

ஊசியில் நூல் கோர்க்க எனக்கு ஒரு தடவை போதும். அன்று மூன்று தடவை ஆனது.

ஐயா விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயமுத்தூர்க் குடும்பம். குன்னூரில் இருந்து ஜெகதளா போகும் வழியில், தேயிலைக்கு மேலே, அவர் வீடு. அவர் வீட்டம்மா இறந்த பிறகு சமையலுக்கு ஆள் தேடினார். நான் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். முட்டி தேய்ந்து சரிவில் நிற்க முடியவில்லை. அதனால் அங்கே போனேன். ஒன்பது வருடம் இருந்தேன். படித்தது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை. இதை எழுதச் சொன்னது கர்னல். எழுத்துப் பிழையை அவரே திருத்தித் தருவதாகச் சொன்னார்.

ஐயாவுக்கு ஒரு வேலை இருந்தது. யாரும் கொடுக்காத வேலை. எல்லையில் நடந்த போரில் அவர் விமானம் ஓட்டினவர். அந்தப் போரில் நம் ஆட்கள் எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்தியதாக எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெள்ளை அட்டையில் எழுதி வைத்திருந்தார். எந்த நாள், என்ன நேரம், எந்த இடம், சுட்டவர் கண்ணால் பார்த்தது என்ன. அந்தப் பக்கத்துக்காரர்கள் தாங்கள் இழந்ததாக எழுதி வைத்தது பழுப்பு அட்டையில். விமானத்தின் நம்பர், ஓட்டினவர் பெயர், என்ன ஆனது. பழுப்பு அட்டைகள் டீத்தூள் வரும் பெட்டியில் வெட்டினவை. இதே வேலையைச் செய்யும் ஆள் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். அவர் காகிதங்களின் நகல் அனுப்புவார். ஐயா தன்னிடம் இருப்பதை அனுப்புவார்.

வெள்ளையும் பழுப்பும் நாள், நேரம், இடம் எல்லாம் ஒத்துப் போனால் இரண்டையும் சேர்த்து நூலால் தைத்துவிட வேண்டும். சந்தேகம் இருந்தால் குண்டூசி. சேராததைத் தனியாக ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை. முப்பது வருடமாக இதைச் செய்துகொண்டிருந்தார்.

நான் போன மூன்றாம் மாதம் அவர் கண் கெட ஆரம்பித்தது. நடுவில் கறுப்பாக விழுந்து ஓரம் மட்டும் தெரியும். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதுப் பக்கம் பார்ப்பார். அட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதுவும் முடியவில்லை. ஒரு நாள் சாதம் வைக்கப் போனபோது கேட்டார்.

"அம்மிணி, உனக்கு நம்பர் தெரியுமா?"

"தெரியுங்."

"இங்கிலீஷ் எழுத்து?"

"தெரியாதுங். வளைவு, கோடுன்னு சொல்லுவேனுங்."

"அது போதும்."

அப்படித்தான் படித்தேன். முதலில் வளைவும் கோடும் சொன்னேன். அவர் அது என்ன எழுத்து என்று சொல்லுவார். ஆறு மாதத்தில் இருபத்தாறும் வந்துவிட்டது. அர்த்தம் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவேன், அவர் சேர்த்துக்கொள்வார். காலையில் சமையல் முடித்துவிட்டுப் பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை.

வெள்ளை அட்டை எப்போதும் அதிகமாக இருக்கும். பழுப்பு குறைவு. நம் பக்கம் மட்டும் இல்லை, அவர்கள் எழுதிக் கொடுத்ததும் அப்படித்தானாம். முதலில் நான் பொய் என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன்.

"பொய் இல்ல அம்மிணி. அவன் பாக்கறது மூணு செகண்ட். அதுக்குள்ள நம்ம பின்னால எவன் வர்றான்னு திரும்பிப் பாக்கோணும். மறுபடி பாத்தா அங்க புகை மட்டும் இருக்கும். விழுந்துருச்சுன்னுதான் தோணும்."

யோசித்துப் பார்த்தேன். எங்களுக்கும் அப்படித்தான். காட்டில் எடை போட்ட கொழுந்து ஃபேக்டரிக்குப் போனால் அதே எடை இருக்காது. ஈரம் காய்ந்துபோகும். வழியில் கொட்டும். இரண்டு பெண்கள் ஒரே சாக்கில் கொட்டிவிட்டு இரண்டு பேருமே அது தன்னுடையது என்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. இதை ஐயாவிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். சாயங்காலம் கர்னல் வந்ததும் அவரிடமும் சொல்லிச் சிரித்தார்.

கர்னல் தரைப்படையில் இருந்தவர். பக்கத்து வளைவில் வீடு. நாயோடு தினமும் நடந்து வருவார். கேட்டைத் திறக்கும்போதே கேட்பார்.

"என்னய்யா, உன் பிளேன் அகப்பட்டுச்சா?"

"தேடிட்டு இருக்கேன். உனக்கு என்ன அவசரம், சாகப் போறியா?"

"நாங்க தரையில சுட்டா ஆள் கிடப்பான், போய்ப் பாத்துக்கலாம். நீங்க மேல சுட்டுட்டுக் கீழ வந்து கதை சொல்லுவீங்க."

"அம்மிணி, இவனுக்குச் சர்க்கரை போடாத."

உன் பிளேன் என்று அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பிஸ்கட் டின்னில் தனியாகக் கிடந்த வெள்ளை அட்டைகளில் ஒன்று ஐயாவுடையது. போரில் அவர் சுட்டதாக எழுதிக் கொடுத்தது அந்த ஒன்றுதான். சாயங்கால நேரம். கூட வந்த விமானம் கோளாறாகித் திரும்பிவிட்டது. இவர் தனியாக இருந்தார். எதிரில் ஒன்று வந்தது. சுட்டார். ஏதோ ஒரு துண்டு பிய்ந்து பறந்தது. வெள்ளையாகப் புகை. அது ஆற்றுப் பக்கத்துப் பனிமூட்டத்துக்குள் இறங்கியது. பிறகு தெரியவில்லை. விமானத்தில் இருந்த கேமராவின் படம் இருட்டாக வந்தது. அன்றைய தேதியில் அந்தப் பக்கத்தில் எந்த இழப்பும் எழுதப்படவில்லை. அதனால் மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் நண்பர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்த அட்டையை மட்டும் நான் டின்னில் எந்த இடத்தில் வைத்தேன் என்று கை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

சேராத பழுப்பு அட்டைகள் பத்து இருந்தன. அவற்றை மட்டும் ரப்பர் போட்டுத் தனியாக வைக்கச் சொல்வார். ஒரு தடவை ஏன் என்று கேட்டேன்.

"வெள்ளை தனியா நின்னா ஒருத்தனோட பெருமைதான் போச்சு. பழுப்பு தனியா நின்னா ஒரு ஊடு இன்னும் காத்துட்டு இருக்கு அம்மிணி."

நான் அந்தப் பத்துக்கும் ரப்பர் போட்டு வைத்தேன்.

அந்தப் பத்தில் ஒன்றைப் பற்றித்தான் கடிதம் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். வெளிநாட்டு ஆள் ஐயாவுடைய விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். ஐயாவுக்கு வரும் மெயில் கர்னல் போனில்தான் வரும். அவர் அதைக் கடையில் அச்செடுத்துக் கொண்டுவந்து படித்தார். படிக்கப் படிக்க ஐயா எனக்குத் தமிழில் சொன்னார். எதையும் எனக்கு மறைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அந்தப் பெண்ணின் அப்பா விமானம் ஓட்டினவர். போரில் திரும்பி வரவில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதி விட்டுவிட்டார்கள். அவர் போனதாக எழுதியிருந்த நாளில் அந்தப் பக்கம் முழுக்க மூடுபனி. நம் விமானம் ஒன்றுகூட ஏறவில்லை. சண்டையே இல்லாத நாளில் ஒருவர் எப்படிக் காணாமல் போவார்? அதோடு, அவர் மனைவி அப்போது அந்தத் தளத்துக் குடியிருப்பிலேயே இருந்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலமே அவர் வீட்டுக்கு வரவில்லை என்று சொன்னாராம். அவர்கள் படையின் புத்தகத்தில் மறுநாள்தான் காணவில்லை என்று இருக்கிறது. அப்படியானால் நடுவில் ஒரு ராத்திரி எங்கே இருந்தார்? அந்த ஒரு ராத்திரியை வைத்து ஊர் பேசியது. விமானத்தோடு ஓடிப்போய்விட்டார் என்றார்கள். வேறு நாட்டில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார் என்றுகூடச் சொன்னார்கள். தளத்தில் இருந்தவர்கள் போர் முடிந்து சிதறிவிட்டார்கள். கேட்க ஆள் இல்லை. இப்போது அந்த அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. போவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். இவ்வளவும் எழுதிவிட்டு கடைசியில் மகள் ஒரு வரி சேர்த்திருந்தார். அம்மா ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் முன்னாலேயே அப்பாவுக்காக ஓதி, ஏழைகளுக்குச் சோறாக்கிக் கொடுக்கிறார், தேதி தப்பு என்று நாங்கள் சொன்னாலும் கேட்பதில்லை.

"பாவம், வயசாச்சு. குழம்பிட்டாங்க" என்றார் கர்னல்.

"குழம்பலீங்" என்றேன்.

இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அவர்கள் பேச்சில் நுழைகிறவள் இல்லை.

என் வீட்டுக்காரர் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்களிடம் அதுவரை சொன்னதில்லை. அவர் எஸ்டேட்டில் தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவர். ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து விறகுக்குப் போனார். வரவில்லை. மறுநாள் காலையில் மேஸ்திரி பேர் கூப்பிடும்போது அவர் இல்லை. மேஸ்திரி நல்ல மனுஷன். "எங்க போயிருப்பான், வந்துருவான்" என்று சொல்லி வந்ததாக அவர் பேரைப் போட்டுவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வது உண்டு. ஆள் வராமல் போகமாட்டான் என்று நினைத்தால் பேரைப் போட்டுவிடுவார்கள். இல்லை என்று எழுதக் கை வராது. வியாழக்கிழமை சோலைக்காட்டுக்குள் கண்டுபிடித்தார்கள். காட்டெருமை. இறந்து இரண்டு நாள் ஆகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் எஸ்டேட் புத்தகத்தில் அவர் புதன்கிழமை வேலைக்கு வந்திருக்கிறார். செத்த பிறகு ஒரு நாள் வேலை செய்தவர் என் வீட்டுக்காரர்.

இதில் சிரிக்கவும் ஆள் இருந்தது. வேறு விதமாகப் பேசவும் ஆள் இருந்தது. செவ்வாய் ராத்திரி வீட்டில் இல்லை, புதன்கிழமை வேலைக்கு வந்திருக்கிறான், அப்படியென்றால் ராத்திரி எந்த வீட்டில் இருந்தான் என்று லைன் வீடுகள் முழுக்கக் கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. புத்தகத்தில் இருந்தால் ஊர் நம்பும். நான் அவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைக் கணக்கில்தான் சாமி கும்பிடுகிறேன்.

இதை அன்று ஐயாவிடம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. நாலு வரியில் சொன்னேன். கடைசியில் இப்படிச் சொன்னேன்.

"எழுதின நாள் செத்த நாள் இல்லீங்க. நம்பிக்கை விட்ட நாளுங்க அது. தளத்துல இருந்தவங்க ராத்திரி முழுக்க இவரு வருவாருன்னு பாத்துட்டு இருந்திருப்பாங்க."

கர்னல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூணாவது பெட்டி, அம்மிணி. அந்தத் தளத்துப் புத்தகம்."

போர் முடிவில் அந்தத் தளம் நம் ஆட்கள் கைக்கு வந்திருக்கிறது. அங்கே கிடந்த புத்தகத்தின் நகல் ஐயாவிடம் வருடக்கணக்காக இருந்தது. விமானம் ஏறின நேரம் ஒரு கட்டத்தில், இறங்கின நேரம் பக்கத்துக் கட்டத்தில். ஐயா எப்போதும் பழுப்பு அட்டையில் இருந்த தேதியின் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார். அதில் அந்த ஆளின் விமானம் காணவில்லை என்று ஒரு வரி இருந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டார். நான் முந்தின நாள் பக்கத்துக்குப் புரட்டினேன்.

எனக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. கட்டம் தெரியும். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் இருந்தது. ஏறினது, இறங்கினது. ஏறினது, இறங்கினது. கீழே இருந்து மூன்றாவது வரியில் ஏறின நேரம் மட்டும் இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் எழுத்து இல்லை, கோடு இல்லை, புள்ளி இல்லை. யாரோ அதை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். வந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று.

"நம்பர் சொல்லு."

சொன்னேன். பழுப்பு அட்டையின் நம்பர்.

"ஏறின நேரம்?"

சொன்னேன்.

அவர் தன் வெள்ளை அட்டையைக் கேட்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம். அதே நாள். அதில் இருந்த நேரம் இதற்கு இருபது நிமிடம் பிந்தியது. தளத்தில் இருந்து அந்த ஆற்றுக்குப் பறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கர்னலே கேட்டார். ஐயா சொன்னார், "இருபது நிமிஷம்."

முப்பது வருடமாகத் தேடினது கிடைத்துவிட்டது. யாரும் சந்தோஷப்படவில்லை. கர்னல் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். நாய் பின்னாலேயே போனது.

பதினோரு நாள் ஐயா டின்னைத் தொடவில்லை. பத்து மணிக்கு நான் போய் உட்காருவேன். "இன்னைக்கு வேண்டாம் அம்மிணி" என்பார். சாப்பாடு பாதிதான் இறங்கியது. கர்னல் தினமும் வந்தார். கேட்டைத் திறக்கும்போது எதுவும் கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்.

"உன் பேரை எழுதாத. இடமும் நேரமும் மட்டும் சொல்லு. சண்டையில போயிட்டார்னு சொல்லு. சுட்டது யாருன்னு எதுக்கு?"

"யாரு பாத்ததுன்னு கேப்பாங்க."

"யாரோ ஒருத்தன்னு எழுது."

"யாரோ ஒருத்தன் சொன்னதைத்தானே அந்தம்மா இத்தனை வருஷம் கேட்டுட்டு இருக்கா."

"அவங்க திட்டி எழுதினா தாங்குவியா?"

"தெரியல."

பிறகு ஐயா என்னைக் கேட்டார். கேட்பார் என்று எனக்குத் தெரியும். என் காதுப் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நீ சொல்லு. உனக்குன்னா தெரிஞ்சுக்கணுமா?"

"எந்த எருமைன்னு எனக்குத் தெரியாதுங். தெரிஞ்சிருந்தா ஒருதரம் பாத்திருப்பேன்."

"பாத்து?"

"ஒண்ணும் இல்லீங். பாத்திருப்பேன். அவ்வளவுதானுங்."

அன்றே எழுதினார். அவர் சொல்லச் சொல்லக் கர்னல் போனில் அடித்தார். இரண்டு மூன்று இடத்தில் கர்னல் வேறு மாதிரி அடிக்கப் பார்த்தார். ஐயா திரும்பப் படிக்கச் சொல்லிச் சரி செய்தார். முடிந்ததும் எனக்கு அதைத் தமிழில் சொன்னார். எனக்கு ஞாபகம் இருப்பது இது: உங்கள் அம்மா சொல்லும் நாள்தான் சரி. உங்கள் அப்பா ஓடவில்லை. அவருக்கு ஓட நேரம் இருந்தது, மேகமும் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். அவர் தனியாக இருந்தார், நானும் தனியாக இருந்தேன். சுட்டது நான். ஆற்றின் இந்த வளைவில் இறங்கினார். புத்தகத்தின் அந்தப் பக்கத்தை இதோடு அனுப்புகிறேன். கீழே இருந்து மூன்றாவது வரியை அம்மாவுக்குக் காட்டுங்கள். அந்தக் கட்டத்தை அவர்கள் நிரப்பவில்லை.

மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. கர்னல் போடலாமா என்று கேட்டார். ஐயா சொன்னார், "அது எனக்காகப் போடறது. வேண்டாம்."

பதில் வர ஒன்பது நாள் ஆனது. மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் இல்லை. கர்னல் நனைந்துகொண்டே வந்தார், காகிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. மகள் எழுதின சின்னக் கடிதம்: அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்று தடவை படிக்கச் சொன்னார். அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கிக் கட்டத்தின் மேல் விரல் வைத்துக்கொண்டிருந்தார். என் பெரியப்பாவையும் சொந்தக்காரர்கள் எல்லாரையும் வரவழைத்து அவர்கள் முன்னால் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அன்று உங்களுக்கு என்ன வயது?

கர்னல் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். ஐயா சொன்னார்.

"இருபத்திமூணுன்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாத."

அதற்கும் பதில் வந்தது, ஒரே வரியில். என் அப்பாவுக்கும் அதே வயதுதான், உங்களை நல்லபடியாக இருக்கச் சொன்னார் அம்மா.

அன்றுதான் ஐயா இரண்டு அட்டையையும் எடுக்கச் சொன்னார். குண்டூசியா, நூலா என்று கேட்டேன். "தைச்சுரு" என்றார். நான் முன்னால் சொன்ன நாள் அதுதான். கர்னல் தொப்பியைக் கழற்றினார். மூன்றாம் தடவை நூல் கோர்த்தேன். இரண்டு தையல் போட்டு முடிச்சுப் போட்டேன். ஐயா கையை நீட்டினார். கொடுத்தேன். முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். டின்னுக்குள் தன் அட்டை இருந்த இடத்தை அதற்குப் பிறகு அவர் தடவவே இல்லை.

அவர் செய்தது விமானப்படைக்குத் தெரியுமா, சுட்டு வீழ்த்தினவர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தார்களா என்று கேட்டேன். அவர் எழுதிக் கேட்கவில்லை என்றார் கர்னல். எனக்கு அது சரி என்று பட்டது.

போன மழைக்காலத்தில் ஐயா இறந்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு. நானும் கர்னலும் பக்கத்தில் இருந்தோம். சர்ட்டிபிகேட்டில் அதே நாள், அதே நேரம் போடச் சொல்லி நின்று வாங்கினேன். வீட்டை விற்கப் போகிறார்கள். அட்டைகளை வெளிநாட்டு ஆளுக்கு அனுப்பிவிடச் சொல்லி ஐயா எழுதி வைத்திருந்தார். பெட்டிகளைக் கட்டுகிற வேலை எனக்கு. கர்னல் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாய் இப்போது இல்லை. ஜன்னல் ஓரத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

தைத்ததை ஒரு பெட்டியில் வைத்தேன். குண்டூசி குத்தினதை ஒரு பெட்டியில். தனி வெள்ளைகளை ஒன்றில். கடைசியாக ரப்பர் போட்ட பழுப்புகள். பழைய ரப்பர் அறுந்துவிட்டது. புதிதாக ஒன்று போட்டேன். போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தேன். கேட்க ஐயா இல்லை. கர்னல் கேட்டார்.

"எத்தனை இருக்கும்மா?"

ஒன்பது.